பெரூஜா மேட்டில் இத்தாலியன் படித்த கோடை

இத்தாலிய மொழி படிக்க ரோமுக்கும் ஃப்ளோரன்ஸுக்கும் போகாதீர்கள் என்றுதான் கேட்பவர்களிடம் முதலில் சொல்கிறேன். அங்கே நாம் ஒரு வாக்கியத்தைக் கூட்டி முடிப்பதற்குள் கடைக்காரர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். அவர்மேல் தப்பில்லை, பின்னால் வரிசை நிற்கிறது. மலைமேல் இருக்கும் ஊர்களில் அந்த அவசரம் குறைவு. தபால் ஆபீஸ்காரர், மருந்துக்கடைக்காரர், ரொட்டிக்கடை அம்மாள் எல்லோரும் நாம் வினைச்சொல்லைத் தேடிப் பிடிக்கும்வரை காத்திருப்பார்கள். அவர்களில் பலருக்கு வேறு மொழி வராது என்பதும் ஒரு காரணம். படிக்க வந்தவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

நான் ராணிப்பேட்டையில் ஒரு டேனரியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் தோல் வாங்குபவர்களில் இத்தாலியர்கள் உண்டு. ஷெட்டில் ஓடும் மெஷின்களில் பாதி அங்கிருந்து வந்தவை. பழுதுபார்க்க வரும் டெக்னீஷியனுக்கும் எங்கள் ஃபிட்டருக்கும் நடுவில் நின்று இரண்டு பேரின் அரைகுறை ஆங்கிலத்தையும் ஒட்டுப்போடுவது என் வேலையில் ஒரு பகுதி. அது அலுத்துப்போய்த்தான் ஒரு ஜூலையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு பெரூஜாவுக்குக் கிளம்பினேன்.

பெரூஜா, உம்ப்ரியா மாநிலத்தின் தலைநகர். ரயில் நிலையம் கீழே, பழைய ஊர் உச்சியில். இரண்டுக்கும் நடுவில் 2008இல் தொடங்கிய மினிமெத்ரோ என்ற ஓட்டுநர் இல்லாத குட்டி ரயில் ஏறி இறங்குகிறது. மலை ஊர் என்றதும் வீட்டில் ஸ்வெட்டர் எடுத்து வைத்துவிட்டார்கள். உயரம் 500 மீட்டருக்குள்தான், ஏற்காட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஜூலைப் பகலில் வெயில் 35 டிகிரியைத் தொடும். ஸ்வெட்டருக்குப் பதில் அடிப்பாகம் வழுக்காத ஷூ ஒன்று எடுத்துப் போங்கள். தெருக்கள் கல் பாவியவை, செங்குத்தானவை; மழை பெய்தால் எண்ணெய் தடவியது மாதிரி இருக்கும்.

வெளிநாட்டவருக்கென்றே அங்கே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அஸ்தோர்ரே லுபத்தெல்லி என்ற வக்கீல் 1921இல் கலாசார வகுப்புகளாகத் தொடங்கியது, 1925இல் அரச ஆணைப்படி பல்கலைக்கழகம் ஆனது. இப்போது இருப்பது பலாத்சோ கல்லெங்கா என்ற 18ஆம் நூற்றாண்டு மாளிகையில். வாசலில் இறங்கினால் எதிரே கி.மு. 3ஆம் நூற்றாண்டு எத்ருஸ்கர்கள் கட்டிய நகர வாசல். பிற்பாடு ரோமானியர்கள் அதன்மேல் தங்கள் பெயரைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கடியில் காய்கறி வண்டி போகிறது, வகுப்புக்குத் தாமதமான பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

சேர்ந்தவுடன் நிலை அறியும் தேர்வு வைப்பார்கள். அதற்காக முந்தின இரவு கண்விழித்துப் படிப்பது வீண். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். தகுதிக்கு மேற்பட்ட வகுப்பில் போய் மாட்டிக்கொண்டால் ஒரு வாரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எங்கள் வகுப்பில் ஓபரா பாடப் பயிலும் ஜப்பானியப் பெண், கொள்ளுத்தாத்தா வழியில் அப்போது இத்தாலியக் குடியுரிமை தேடிக்கொண்டிருந்த பிரேசில்காரர், ரோமில் நர்சிங் சேர இருந்த நாகர்கோவில் பக்கத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் என்று பலதரப்பட்டவர்கள். கத்தோலிக்க சபைகள் தங்கள் ஆட்களை மொழி படிக்க இந்த மாதிரி ஊர்களுக்கு அனுப்புவது வழக்கம். இந்திய முகம் பார்த்தால் பெரும்பாலும் ஒரு சாமியாராகவோ சிஸ்டராகவோ இருக்கும்.

அந்த சிஸ்டர் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு மொத்தப் படிப்பையும் திருப்பிப்போட்டது. 'எனக்கு காபி பிடிக்கும்' என்பதற்கு இத்தாலியில் 'மி பியாச்சே இல் கஃப்பே' என்பார்கள். காபிதான் எழுவாய், நமக்கு நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்தில் யோசிப்பவர்களுக்கு இது தலைகீழாகப் படும். ஆசிரியை கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் போட்டு விளக்கினார். நானும் ஆங்கில வாக்கியத்தை மனசுக்குள் எழுதி, அதைத் திருப்பிப்போட்டு, பிறகு இத்தாலியனாக்கிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் சிஸ்டர் கேட்டார்: "தம்பி, ஏன் இங்கிலீஷ் வழியா சுத்திட்டுப் போறீங்க? எனக்குப் பிடிக்கும், எனக்குத் தலை வலிக்குது, எனக்குத் தேவை. எல்லாமே நம்ம மாதிரிதானே?"

உண்மைதான். 'மி ஃபா மாலே லா தெஸ்தா': எனக்குத் தலை வலிக்கிறது. 'மி செர்வே': எனக்குத் தேவை. எல்லாம் 'எனக்கு'வில்தான் நிற்கிறது. அதேபோல வினைமுற்றிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'சாப்பிடுகிறேன்' என்றால் யார் என்று யாரும் கேட்பதில்லை அல்லவா? 'மாஞ்ஜோ' என்றாலும் கேட்க மாட்டார்கள். ஆங்கிலம் வழியாக வந்தவர்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'இயோ, இயோ' என்று தங்களையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேச்சில் அது தன்னைப் பெரிதாகக் காட்டுவதாகப் படும். நாங்கள் இருவரும் அன்றிலிருந்து குறிப்பேட்டில் ஆங்கில அர்த்தம் எழுதுவதை விட்டோம். இத்தாலியன் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம். வேகம் கூடியது எங்களுக்கே தெரிந்தது.

ஆனால் தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ஒலியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. இத்தாலியனில் இரட்டை மெய்க்கு ஒரு பொருள், ஒற்றை மெய்க்கு வேறு பொருள். 'பாலா' என்றால் மண்வெட்டி, 'பல்லா' என்றால் பந்து. மனம், மன்னன் என்று பேசிப் பழகிய நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. மற்ற நாட்டுக்காரர்கள் திணறும்போது நாம் சும்மா இருக்கலாம். g, n இரண்டு எழுத்தும் சேர்ந்து வரும் 'ஞ்ஞ' ஒலியும் நம் வீட்டுச் சொத்து. சிக்கல் க, த, ப மூன்றிலும்தான். இவை சொல்லின் நடுவில் ஒற்றையாக வந்தால் நம் வாய் தானாக மெலித்துவிடும். நண்பனைக் குறிக்கும் 'அமிகோ' என்ற சொல்லில் ஒற்றை 'க' வன்மையாக ஒலிக்க வேண்டும். நான் சொன்னால் ஸ்பானிஷ்காரன் சொல்வது போல மெலிந்து விழுந்தது. முன்பு ஸ்பானிஷ் படித்திருக்கிறீர்களா என்று ஆசிரியை கேட்டார். சரி, அழுத்தலாம் என்று அழுத்தினால் உடனே 'க்க' ஆகிவிடுகிறது. ஒன்று மெலிந்த ஒற்றை, இல்லையென்றால் வலுத்த இரட்டை என்பதுதான் நம் பழக்கம். இத்தாலியனுக்கு வேண்டியது வலுத்த ஒற்றை. தாகம் 'சேதெ', ஏழு என்ற எண் 'செத்தெ'. முதலாவதில் வரும் 'தெ' வன்மையாகவே இருக்க வேண்டும், ஆனால் இரட்டிக்கக் கூடாது. தமிழ் எழுத்தில் இதை எழுதிக்காட்டவே முடியவில்லை பாருங்கள். அதனால்தான் இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து மனப்பாடம் செய்யாதீர்கள் என்கிறேன். பொருளைத் தமிழில் எழுதுங்கள், சொல்லை அவர்கள் எழுத்திலேயே எழுதுங்கள்.

இதற்கு ஆசிரியை சொன்ன வழி எளிது. முன்னால் வரும் உயிரை நீட்டு, மெய்யை அழுத்தாமல் சட்டென்று விடு. பெரூஜாவில் இதற்கென்றே அமைந்தது போல ஒரு நடைபாதை இருக்கிறது. இடைக்காலத்தில் மலையிலிருந்து ஊர் நடுவிலுள்ள ஃபொந்தானா மஜ்ஜோரே என்ற நீரூற்றுக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்ப் பாலம், இப்போது அதன் மேல்தளத்தில் மனிதர்கள் நடக்கிறார்கள். ஒரு படிக்கு ஒரு சொல் என்று முணுமுணுத்துக்கொண்டே தினமும் ஏறுவேன். எதிரே வருபவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

இன்னொரு தலைவலி, உயிரற்ற பொருளுக்கெல்லாம் ஆண்பால் பெண்பால். அஃறிணை என்று ஒதுக்கிப் பழகியவனுக்கு நாற்காலி பெண், மேசை ஆண் என்பது மண்டையில் ஏறவே இல்லை. இதற்குக் குறுக்குவழியும் கிடையாது. சொல்லைத் தனியாகப் படிக்காமல் முன்னால் வரும் 'இல்', 'லா'வோடு சேர்த்தே படியுங்கள், அவ்வளவுதான்.

வகுப்பு காலையில் இலக்கணம், மதியத்துக்குமேல் உச்சரிப்பு, உரையாடல், ஓவியம், வரலாறு என்று போகும். நல்ல வகுப்புகள்தான். ஆனால் வாய் பேசியது வெளியேதான். தினமும் ஒரு வேலையை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஒரு நாள் தபால்தலை, ஒரு நாள் இருமல் மருந்து. வேலை சின்னதாக இருக்க வேண்டும், ஆனால் கைகாட்டி முடிக்க முடியாததாக இருக்க வேண்டும். கிளம்புமுன் எதிராளி என்ன கேட்பார் என்று யோசித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு நாள் ஷூ அடிப்பாகம் பிய்ந்தது. சந்து ஒன்றில் செருப்பு தைக்கும் கடை. உள்ளே நுழைந்ததும் தோல் வாசனை, எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. வயதானவர். ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் மேசைமேல் கிடந்த அடித்தோல் துண்டை எடுத்து, விளிம்பை நகத்தால் கீறி, மடித்துப் பார்த்தேன். தொழில் பழக்கம். அவர் கையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "குவோயோ தெரியுமா உங்களுக்கு?" குவோயோ என்றால் அடிப்பாகத்துக்கான கெட்டித் தோல், பெல்லே என்றால் மெல்லிய தோல் என்று அங்கேயே கற்றேன். அது சான்தா குரோச்சே சுல்லார்னோவிலிருந்து வந்த தோல். டஸ்கனியில் மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்துவதற்குப் பேர்போன ஊர் அது. செஸ்ட்நட் மரச்சாறா, மிமோசாவா என்று கேட்க எனக்குச் சொல் தெரிந்திருந்தது, எங்கள் கொள்முதல் தாள்களில் வரும் சொற்கள்தானே. பிறகு அவர் என் ஊரில் எதில் பதப்படுத்துவீர்கள் என்று கேட்டார். இப்போது பெரும்பாலும் குரோம். ஆனால் ஒரு காலத்தில் தென்னிந்தியத் தோல் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்பட்டுத்தான் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. ஆவாரம்பட்டையை எப்படிச் சொல்வது? மஞ்சள் பூ பூக்கிற சின்னச் செடி, அதன் பட்டை, வெயில் காயும் இடத்தில் வளரும், பூவைக் குடிநீரில் போடுவோம் என்று இருந்த சொற்களை எல்லாம் கொட்டி முடித்தபோது நெற்றி வியர்த்துவிட்டது. அவர் திருத்தியது இரண்டே இடம். அன்றைக்கு நான் பேசிய இத்தாலியன் அதுவரை வகுப்பில் பேசியதைக் காட்டிலும் அதிகம்.

அதனால் போகிற ஒவ்வொருவருக்கும் என் யோசனை, உங்கள் தொழில்காரர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். தையல் தெரிந்தால் தையற்கடை, சமையல் தெரிந்தால் சந்தை. பொருள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் சொல் மட்டும்தான் புதிது, அது ஒட்டிக்கொள்கிறது.

தங்கும் இடம் பற்றி. முதலில் ஒரு தரகர் மூலம் எடுத்த அறையைவிட்டுக் கிளம்பும்போது, சுவரில் கறை என்று சொல்லி முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் நுழையும்போதே இருந்த கறை. சாவி வாங்கும் அன்றே எல்லா மூலைகளையும் போட்டோ எடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள், முன்பணத்துக்குக் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். பிறகு ஓய்வுபெற்ற ஒரு சிஞ்ஞோரா (அங்கே 'அம்மாள்' என்பதற்குச் சொல்வது) வீட்டில் அறை கிடைத்தது. அங்கே சமையலறை மேசைதான் இரண்டாம் வகுப்பறை. அவர் என்னை ஒருமையில் கூப்பிட்டார், நான் மரியாதைக்குரிய 'லெய்' போட்டுப் பேசினேன். என்னையும் 'து' என்றே கூப்பிடு என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். எழுபது தாண்டிய அம்மாளை 'நீ' என்று கூப்பிட நம் வாய் வருமா? கடைசிவரை வரவில்லை, அவரும் விட்டுவிட்டார்.

முதல் இரவு ரொட்டியை வாயில் வைத்ததும் உப்பு போட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உம்ப்ரியாவில் ரொட்டிக்கு உப்பே போடுவதில்லை. சிஞ்ஞோரா சொன்ன கதை இது. 1540இல் போப் மூன்றாம் பவுல் உப்பு வரியை ஏற்றினார், பெரூஜா எதிர்த்துக் கிளம்பித் தோற்றது, அந்தக் கோபத்தில் மக்கள் உப்பில்லாமல் ரொட்டி சுட ஆரம்பித்தார்கள். போர் உண்மை. ரொட்டிக்கதையை நான் முழுசாக நம்பவில்லை, பக்கத்து டஸ்கனியிலும் உப்பில்லாத ரொட்டிதானே. போரில் ஜெயித்த போப், எதிரிக் குடும்பமான பாலியோனிகளின் வீடுகளின்மேலேயே ரொக்கா பவுலீனா என்ற கோட்டையைக் கட்டினார். 1860இல் போப்பின் ஆட்சி முடிந்ததும் ஊர்க்காரர்கள் அதை இடித்தார்கள். அடியில் புதைந்த தெருக்கள் அப்படியே இருக்கின்றன. ஊருக்குள் ஏறிவரும் எஸ்கலேட்டர் அந்தத் தெருக்கள் வழியாகத்தான் வருகிறது. வெயிலுக்கு ஒதுங்க அதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை.

அந்த ரொட்டியைத் தனியாகத் தின்று குறை சொல்லக் கூடாது. உப்பு ஏறிய பாலாடைக்கட்டி, ஊறுகாய்ப் பதத்தில் இருக்கும் ஒலிவக்காய் இவற்றோடு தின்றால் கணக்கு சரியாகிவிடும். சைவம் சாப்பிடுபவர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் சூரை மீனும் ஹாமும் வந்து நிற்கும். இறைச்சி, மீன், ஹாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். ரொட்டி மாவிலும் சில இடங்களில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்வது நல்லது. காஸ்தெல்லுச்சோ பக்கத்துச் சின்னப் பருப்பில் சூப் வைப்பார்கள். சிஸ்டர் அதில் நாகர்கோவில் மிளகாய்த்தூள் போட்டுக் கொடுத்தார், சிஞ்ஞோரா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

சிஞ்ஞோராவின் அம்மா ஊர்ப்பேச்சு மட்டுமே பேசினாராம். 1861இல் நாடு ஒன்றானபோது இத்தாலியன் பேசத் தெரிந்தவர்கள் சிறுபான்மைதான். அது ஃப்ளோரன்ஸ் இலக்கியத்திலிருந்து வந்த எழுத்து மொழி, வீட்டில் பேசியது வேறு. அதை வீட்டுக்குள் கொண்டுவந்ததில் தொலைக்காட்சிக்குப் பெரிய பங்கு. 1960 முதல் 1968 வரை அல்பெர்த்தோ மான்சி என்ற பள்ளி ஆசிரியர் அரசுத் தொலைக்காட்சியில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தந்தார். சிஞ்ஞோராவின் அம்மா அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடப் பழகினாராம். நம்மைப் போலவே இவர்களுக்கும் எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று என்று தெரிந்தபின், சந்தையில் ஒரு சொல் புரியாவிட்டால் பதறுவதை விட்டேன். அது பாடப்புத்தக இத்தாலியனாகவே இருக்காது.

ஒரு ஞாயிறு சிஸ்டர் எங்களை டஸ்கனி எல்லையில் உள்ள மொந்தெபுல்ச்சானோவுக்கு இழுத்துப் போனார். நம் ஊரில் தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற ராபர்ட் டி நொபிலி பாதிரியாரின் குடும்பத்து ஊர் அது. 1606இல் மதுரைக்கு வந்து தமிழ் படித்தவர். அச்சிட்ட அகராதியும் இல்லாமல், நிலை அறியும் தேர்வும் இல்லாமல் அவர் எப்படிப் படித்திருப்பார் என்று திரும்பும்போது பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தோம்.

மிச்சம் சில நடைமுறைகள். கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் சுருங்கும். பழக்கடையில் பழத்தைத் தொட்டு அமுக்கிப் பார்க்கக் கூடாது, சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் கையுறை வைத்திருப்பார்கள். காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. பஸ் டிக்கெட்டை முன்கூட்டி புகையிலைக் கடையில் வாங்கி, ஏறியதும் மெஷினில் குத்த வேண்டும்; உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன்பே. மதியம் பல கடைகள் சாத்தியிருக்கும். ஜூலையில் உம்ப்ரியா ஜாஸ் விழா நடக்கிறது, 1973இலிருந்து. பாட்டு பிடித்தவர்களுக்குக் கொண்டாட்டம், ஆனால் அந்த நாட்களில் அறை வாடகை எகிறும். ஆகஸ்டில் 15ஆம் தேதியை ஒட்டி ஊரே விடுமுறைக்குப் போய்விடும், பேச ஆள் தேட வேண்டியிருக்கும்.

ஒரு மாதத்தில் எவ்வளவு வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்றும் தெரியாமல் போனால் ஐரோப்பிய மொழித் தரநிலைகளில் முதல் படியான ஏ1 முடித்து, அடுத்த படியான ஏ2-வில் கால் வைக்கலாம். கடை, வண்டி, டாக்டர் சமாளிக்கலாம், செய்தித்தாள் புரியாது. கிளம்பும் முன் வீட்டிலேயே அடிப்படை இலக்கணத்தை முடித்துவிட்டால் அங்கே இருக்கும் காலம் பேச்சுக்குக் கிடைக்கும். சான்றிதழ் வேண்டுமென்றால் பெரூஜா நடத்தும் 'செலி', சியெனா நடத்தும் 'சில்ஸ்' இரண்டுக்கும் மதிப்பு உண்டு. தேர்வுத் தேதி கோடை வகுப்போடு ஒத்துவருகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா விஷயம். 90 நாளுக்குள் என்றால் ஷெங்கன், அதாவது ஐரோப்பாவில் ஒரே விசா செல்லும் நாடுகளுக்கான குறுகிய கால விசா போதும். சேர்க்கைக் கடிதம், கட்டணம் கட்டிய ரசீது, தங்கும் இடத்துக்கு ஆதாரம், வங்கிக் கணக்கு, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போவதால் மே வரை இழுக்காதீர்கள். நேராக ரோமில் இறங்கினால் எல்லையில் பதிவானதே போதும். வேறொரு ஷெங்கன் நாடு வழியாக வந்தால் எட்டு நாளுக்குள் கொஸ்தூரா என்ற காவல் அலுவலகத்தில் வந்திருப்பதைத் தெரிவிக்க வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அங்கே செய்யும் பதிவே அதற்குச் சமம். சிஸ்டர் ஃப்ராங்க்ஃபர்ட் வழியாக வந்தவர் என்பதால் துணைக்கு நானும் போனேன். வரிசை நீளம், காலையிலேயே போய்விடுங்கள்.